நொண்டியாறு சொல் கேட்ட வருடம்

நொண்டியாறு சொல் கேட்கத் தொடங்கிய அந்த வருடம், ஹார்வுட் என்கிற கனடியச் சமவெளி ஊரில் குளிர் வழக்கத்தைவிடப் பிந்தி வந்து, வந்த பிறகு போக மனமில்லாமல், இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு வந்த உறவினரைப் போலப் பங்குனி முடியும்வரை காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. ஆற்றின் ஆங்கிலப் பெயருக்கு நொண்டி மான் ஆறு என்று பொருள். பன்றி இறைச்சித் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து குடியேறிய தமிழர்கள், மானை யாரும் கண்டதில்லை என்பதால் அதைக் கழற்றிவிட்டு நொண்டியாறு என்றார்கள். ஐந்து மாதம் பனிக்கட்டிக்குக் கீழே மூச்சுக்காட்டாமல் கிடந்து, ஒரு நாள் திடுமென்று எழுந்து, ஒரு வருடம் பாலத்தையும் மறு வருடம் யாருடைய கோழிக்கூட்டையும் இழுத்துக்கொண்டு போகிற ஆற்றுக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லைதான், ஆனாலும் ஒட்டிக்கொண்டது.

வதனி அந்த ஆற்றுக்குக் கணக்குப் போடுகிறவள். நீர்ப்பிடிப்பு அலுவலகத்தின் மேல்மாடியில் யன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு, கணினிக்குள் ஒரு பொய் ஆற்றை ஓடவிட்டு, எவ்வளவு பனி விழுந்தது, அது எப்போது உருகும், உருகிய தண்ணீர் யாருடைய வயல் வழியாக எவ்வளவு உரத்தைக் கரைத்துக்கொண்டு எந்த நாள் ஊருக்கு வந்து சேரும் என்பதையெல்லாம் மெய் ஆறு செய்வதற்கு முன்பே சொல்லிவிடுவது அவள் வேலை. கணினி சொல்வது திரையில் நீலக்கோடாக ஓடும். ஆற்றங்கரைக் கருவி அளந்து அனுப்புவது சிவப்புப் புள்ளிகளாக விழும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு புள்ளியாவது கோட்டில் ஒழுங்காக விழுந்ததில்லை. ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும், உடனே வதனி குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மரத்தைக் கடித்துத் தள்ளுகிற பீவர் என்ற விலங்குகள் புதிதாக அணை கட்டியிருக்கும், அல்லது வளைவில் பனிப்பாளம் அடைத்திருக்கும், அல்லது ஒன்றுமே அகப்படாது. அப்படி ஒன்றும் அகப்படாத நாட்களில்தான் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்புவாள். வாயால் சலித்துக்கொண்டாலும் அந்தப் பிழைகள்மேல்தான் அவளுக்கு ஆசை.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிவப்புப் புள்ளி நீலக்கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. அடுத்த நாளும் உட்கார்ந்தது. கருவி உறைந்துபோயிருக்கும் என்று நினைத்து வதனி பனிக்கட்டி துளைக்கும் யந்திரத்தோடு ஆற்றுக்குப் போய், துளை போட்டு, அளவுகோலை இறக்கிப் பார்த்தாள். தண்ணீர் கணினி சொன்ன வேகத்தில், தசமப் புள்ளிக்குப் பின்னாலும் பிசகாமல், அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் தீராமல் அவள் திரும்பி வந்து, வியாழக்கிழமை மத்தியானம் ஒரு சூடான காற்று வீசுவதாகக் கணினிக்கு ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிவைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் வெளியே காற்று ஐஸ்பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் வீசிக்கொண்டிருக்க, ஆறு மட்டும் பனிக்கட்டிக்குக் கீழே ஒரு முழம் உயர்ந்து முனகியது. ஆறு நான் சொல்வதைக் கேட்கிறது என்று வதனிக்கு விளங்கியது. விளங்கியபின் அவள் கொண்டுவந்த புட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டாள், ஏனென்றால் சாப்பாட்டு நேரம் முடியப்போனது.

இப்படிப்பட்ட சங்கதி ஒரு சின்ன ஊரில் மூடி வைத்தால் நிற்காது. அலுவலகத் தலைவர் றிச்சர்ட் சந்தோஷம் தாங்காமல் நீலக்கோடும் சிவப்புப் புள்ளியும் ஒன்றாகப் போகிற படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் ஒட்டினார். ஊரில் வருடா வருடம் ஒரு பழைய காரை ஆற்றுப் பனிக்கட்டியின் நடுவில் நிறுத்திவிட்டு, அது எந்த நாளில் உடைந்து உள்ளே போகும் என்று எல்லோரும் ஊகித்து எழுதிப் போடுவது வழக்கம். அந்த வருடம் ஊர் முழுக்க வதனியைக் கேட்டுவிட்டு ஒரே நாளை எழுதிப் போட்டதால், சரியாகச் சொன்னவருக்கென்று செய்த கேக்கை ஆளுக்கொரு விரல் அகலத்தில் வெட்டிக் கொடுக்கவேண்டியதாயிற்று. முன்பு சப்பாத்துக் கடையாக இருந்த கட்டிடத்தில் நடக்கிற பிள்ளையார் கோயிலின் தலைவர் வந்து, போன வருடம் தீர்த்தத்துக்குப் பனிக்கட்டியில் ஓட்டை போட்டுத்தான் சுவாமியை இறக்கினோம், ஐயருக்கு ஒரு கிழமை காய்ச்சல், இந்த வருடம் கொஞ்சம் பார்த்துச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தூண்டில்காரர்கள் தங்கள் வளைவில் தண்ணீர் மெதுவாகப் போகவேண்டும் என்றார்கள். ஓடக்காரர்கள் அதே வளைவில் வேகமாகப் போகவேண்டும் என்றார்கள். வதனியின் மேசையில் வெள்ளைக்காரர் வீட்டு முட்டைக்கோவா இலைச் சுருளும் தமிழர் வீட்டுப் பயற்றம் பணியாரமும் மாறி மாறி வந்து இறங்கின. ஒருவராவது இது எப்படி நடக்கிறது என்று கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

கேட்க நினைத்தவள் வதனி மட்டும்தான், அவளுக்குக் கேட்க ஆளில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்; புள்ளிகள் கோட்டின் மேல் வரிசையாக வந்து விழும். குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. நம் கணக்கு இப்படிச் சரியாக வரவேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டோம் என்று அவள் தன்னைத் தானே கடிந்துகொண்டாள், ஆனாலும் வீடு திரும்பும்போது பாட்டு வரவில்லை.

பிறகு பனி உருகியது, குளங்கள் வரவில்லை.

அந்தச் சமவெளி தட்டையாகத் தெரியுமே தவிர, எந்தக் காலத்துப் பனிமலையோ நகர்ந்து போனபோது விட்டுப்போன பள்ளங்கள் வயலுக்கு வயல் கிடக்கும், வசந்தத்தில் உருகும் பனி அவற்றில் நின்று குளமாகும். கணினிக்குப் பள்ளம் பிடிக்காது. பள்ளத்துக்குள் போன தண்ணீர் வெளியே வரத் தெரியாமல் நின்றுவிட்டால் கணக்கு முழுவதும் நின்றுவிடும் என்பதால், நிலத்தின் படத்தைக் கணினிக்குள் ஏற்றியதும் முதலில் குழி நிரப்புதல் என்று ஒரு பொத்தானை அழுத்தவேண்டும், எல்லாப் பள்ளங்களும் விளிம்புவரை நிரம்பி மட்டமாகிவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும், அரிசியைக் களைந்துவிட்டு உலையில் போடுவதுபோல, யோசிக்காமல் செய்கிற வேலை அது. போன ஐப்பசியில் புதிய நிலப்படம் வந்தபோது வதனியும் யோசிக்காமல்தான் அழுத்தினாள். இப்போது ஆறு கணினி சொன்னதைக் கேட்டது, ஆற்றைப் பார்த்து நிலமும் கேட்டது, பள்ளம் இருந்த இடமெல்லாம் மேடு தட்டி மட்டமாகி, உருகிய பனி எங்கும் நிற்காமல் அப்படியே வழிந்து ஆற்றுக்கு ஓடிவிட்டது.

விவசாயிகள் ஒருவரும் அழவில்லை. குளத்தைச் சுற்றிச் சுற்றி உழுது அலுத்தவர்கள், முதல்முறையாக உழவு யந்திரத்தை வேலியிலிருந்து வேலிவரை நேர்கோட்டில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் குளங்களில் தங்கி, நாணல் வேரில் அரிபட்டு, மண்ணில் இறங்கவேண்டிய தண்ணீர் எல்லாம் வயல் உரத்தையும் வாரிக்கொண்டு ஒரே மூச்சில் வந்ததால், வைகாசியில் ஆறு மாட்டுக்குப் போட்ட புல்லைப்போல் பச்சையாகி, ஊர்க் குழாய்களில் பாசி மணத்தது. நகரத் தலைவர் மேல்மாடிக்கு ஏறி வந்து, பாசியை வளர்க்கிற உரச்சத்துக்குக் கணினியில் பொஸ்பரஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறதாமே, அதில் சைபரைப் போட்டுவிட்டால் முடிந்ததே என்று சிரித்தார். வதனி பாதியாகக் குறைத்துப் பார்த்தாள். தண்ணீர் தெளிந்தது, அந்தக் கிழமையே கரையோர வயல்களில் கோதுமை பசியில் கிடந்த பிள்ளைகளின் நிறத்துக்கு வெளுத்தது. கணக்கில் உரத்தைக் குறைத்தால் வயலிலும் குறையத்தானே செய்யும்? விவசாயிகள் சத்தம் போட, அவள் இருந்தபடியே திருப்பி வைத்தாள்.

பூமணி வந்தது அதற்கு அடுத்த நாள். பூமணியையும் அவள் புருஷன் சிவகடாட்சத்தையும் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் இருவரும் முழங்கை தேயும்வரை வேலை செய்து, ஊரெல்லையில் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். பாதி நிலம் குளம், உதவாத காணி என்று எல்லோரும் ஒதுக்கிய இடம், பூமணிக்கோ அந்தக் குளத்துக்காகத்தான் அது வேண்டியிருந்தது. அவர்களுடைய ஒரே மகன் செந்தூரன் பிறந்த நாட்டில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன், அப்போது அவனுக்குப் பதினாறு வயது. அங்கே ஊர்க்குளத்தில் இறங்கினால் ஏறமாட்டான். ஏறினால் கரையில் நின்று நடுங்கிக்கொண்டு, தலை துவட்டத் துவாய் துவாய் என்று கத்துவான். அதனால் பூமணி ஒவ்வொரு வசந்தத்திலும் பனி கரைந்த அன்று, தன் குளக்கரையில் இருந்த வேலிக்கட்டையில் ஒரு நீலத் துவாயைத் தொங்கவிடுவாள், குளம் உறையும்போது எடுத்து மடித்து வைப்பாள். அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசுவதில்லை. இந்த வருடம் தொங்கவிடக் கரை இல்லாததால் துவாயைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பிள்ளை, எங்கட குளத்தைக் காணேல்லை" என்றாள், கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வதுபோல.

வதனிக்கு முகம் எரிந்தது. 

"நான்தான் நிரப்பினனான் அன்ரி. அதின்ரை ஆழத்தை ஒருத்தரும் அளக்கேல்லை. தெரியாத இடத்தை நிரப்பிப்போட்டுத்தான் கணக்கை ஓட்டுறது."

பூமணி திரைக்குக் கிட்டப் போய், தன் காணி இருந்த இடத்தை விரலால் தேடினாள். பிறகு, திருப்பித் தர ஏலுமோ என்று கேட்டாள், வதனி ஏலும் என்றாள்.

ஏலும் என்று சொன்னது அவசரம். பள்ளத்தைத் திரும்பத் தோண்ட கணினிக்கு ஆழம் தெரியவேண்டும். சிவகடாட்சத்தைக் கேட்டால் தன் நெஞ்சளவு என்றார், பூமணி ஆனை ஆழம் என்றாள், பக்கத்து வயல்காரர் மாட்டு வயிறு நனையாது என்று சத்தியம் செய்தார். வதனி கடைசியில், இத்தனை அகலமான குளத்துக்குப் பொதுவாக இத்தனை ஆழம் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்த சராசரியை எடுத்து எழுதினாள். மறுநாள் காலை குளம் வந்திருந்தது. வட்டமாக, வழுவழுப்பாக, நாணலில்லாமல், சேற்று மணமில்லாமல், முகம் கழுவுகிற பேசின் மாதிரி இருந்தது. வாத்துகள் இறங்கின, ஒருமுறை சுற்றின, எழும்பிப் போய்விட்டன. தவளைகள் எட்டியும் பார்க்கவில்லை.

வதனி போய்ச் சேர்ந்தபோது பூமணி அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், துவாய் மடியில் இருந்தது. சிவகடாட்சம் வதனிக்காகப் பரிந்துகொண்டு, பிள்ளை இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்திருக்குது, குளம் குளம்தானே, துவாயைப் போட்டுவிடன் என்று மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.  பூமணி வதனியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், வதனி உட்கார்ந்தாள், இருவரும் அந்த வட்டத் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"அங்கை ஊரிலை ஒரு அரசாங்கக் கந்தோரிலை எனக்கு ஒரு கடதாசி தந்தவை" என்றாள் பூமணி. "செந்தூரன் செத்துப்போனான் எண்டு அதிலை எழுதியிருந்தது. கண்டனீங்களோ எண்டு கேட்டன். ஒருத்தரும் காணேல்லையாம். ஆனா ஏதாவது ஒண்டை எழுதினால்தானாம் தங்கட கணக்கு முடியும். இன்னொரு மனிசன் வந்து, அவன் பிரான்சிலை இருக்கிறான் அம்மா, நல்லாயிருக்கிறான் எண்டு சொல்லிச்சுது. அதையும் நான் வாங்கேல்லை. ரெண்டும் அவன் இல்லைத்தானே."

அவள் துவாயின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதும் பிள்ளை. இல்லை எண்டும் எழுதாதையும், இவ்வளவு எண்டும் எழுதாதையும்."

வதனிக்கு அழுகை வந்தது, அழுதாள். சிவகடாட்சம் தேத்தண்ணி போடுகிறேன் என்று வீட்டுக்குள் போய்விட்டார்.

தெரியாது என்று எழுதுவதற்கு அவள் தொழிலில் ஒரு வழி இருக்கத்தான் செய்தது. குளிர்காலத்தில் கருவி உறைந்து அளவு கிடைக்காத நாட்களின் பெட்டியில் சய, அதாவது கழித்தல் குறியோடு, ஒன்பதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று போடுவார்கள். எந்த ஆற்றிலும் வரமுடியாத எண், ஆதலால் இது எண் இல்லை, அடையாளம் என்று கணினி விளங்கிக்கொள்ளும். விளங்காமல் போவதும் உண்டு. படிக்கிற காலத்தில் அவளோடு படித்த ஒருவன் அது அடையாளம் என்று கணினிக்குச் சொல்ல மறந்துபோய், அவனுடைய பொய் ஆறு முழுவதும் ஒரு பாதாளக் குழிக்குள் இறங்கி மறைந்தது, வகுப்பே சிரித்தது. இப்போது பொய் ஆறும் மெய் ஆறும் ஒன்றாகிவிட்டதால் அதைச் சிரிப்பாக எடுக்கமுடியாது. பூமணியின் குளத்துக்குள் ஆறும், ஆற்றோடு பாலமும், பாலத்தோடு ஊரும் இறங்கிவிடலாம். அப்படி நடக்காமல் கணினி சரியாக விளங்கிக்கொண்டாலும், மேட்டில் ஒரு பெட்டி தெரியாது என்றாகிவிட்டால் அதிலிருந்து வழிகிற வாய்க்கால் தெரியாது, வாய்க்கால் விழுகிற ஆறு தெரியாது, அப்படியே கீழே கீழே எல்லாமே தெரியாது என்றாகிவிடும்.

றிச்சர்டிடம் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு கோபித்தார். ஒரு ஊர் முழுக்க இந்த நீலக்கோட்டை நம்பித்தான் விதைத்துவிட்டு இருக்கிறது, ஒரு குளத்துக்காக எல்லாவற்றையும் கலைக்கப் போகிறாயா, எல்லாக் குளத்துக்கும் சராசரியைப் போட்டு முடி என்றார். வதனி அவரிடம், இந்த வசந்தத்தில் நீங்கள் ஒரு தடவையாவது ஆற்றைப் பார்க்கப் போனீர்களா என்று மட்டும் கேட்டாள். றிச்சர்ட் வாசலில் தான் ஒட்டிய படத்தைத் திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர். கோப்பி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒரு கோப்பிக்கு வேண்டியதைவிட வெகுநேரம் வெளியே நின்றார்.

வதனி குளத்தின் பெட்டியில் இருந்த சராசரியை அழித்து, அந்த எண்ணைப் போட்டாள். இது எண் இல்லை, அடையாளம் என்று சொல்லவேண்டிய இடத்தில் சொன்னோமா என்று மூன்று தரம் பார்த்தாள்.  ஓட்டு என்று அழுத்தினாள்.

திரையில் குளம் சாம்பல் நிறமானது. சாம்பல் நிறம் வாய்க்காலில் இறங்கி, வயல்களின் ஓரமாக வந்து, ஆற்றில் விழுந்து, வளைவு வளைவாக ஊரைத் தாண்டிப் போனது. அது போன இடமெல்லாம் நீலக்கோடு நின்றுவிட்டது. வதனி யன்னல் வழியாகப் பார்த்தாள். பாலத்துக்குக் கீழே ஆறு, வாயிற்படியில் நிற்கிற ஆள் செருப்பைத் தேடுவதுபோல, ஒரு கணம் தயங்கியது. தயங்கிவிட்டு நடக்கத் தொடங்கியது. கரையோரத்தில் ஒரு சுழி கிளம்பியது. அந்தச் சுழியை அவள் எழுதவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு, அளவுகோலைக் காரில் போட்டுக்கொண்டு அவள் குளத்துக்குப் போனாள். வழியில், ஆற்றைப் பார்த்து நிலமும் சொல் கேட்பதை விட்டுவிட, வயலுக்கு வயல் பள்ளங்கள் திறந்துகொண்டிருந்தன, உழவு யந்திரங்கள் பாதி நேர்கோட்டில் நின்றன, ஒரு விவசாயி கார் யன்னலைத் தட்டி நிறுத்தி அவள் கேட்கக்கூடாத இரண்டு வார்த்தை சொன்னார். இனி அடுத்த வசந்தத்தில் ஆறு எப்போது உடையும் என்று கேட்பார்கள், அவள் சொல்லுவாள், அது பிழையாகும், ஏசுவார்கள். ஊர்க் குழாயில் பாசி மணம் மறைய இன்னும் எத்தனை நாளாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நினைத்ததும் அவளுக்குப் பசித்தது, பாட்டும் வந்தது.

குளம் கோணலாகக் கிடந்தது. ஒரு பக்கம் கரை சரிந்து, மறுபக்கம் நாணல் அடர்ந்து, சேறு மணத்து, தவளைகள் ஆளுக்கொரு சுருதியில் கத்த, பழைய வேலிக்கட்டை ஒருபக்கம் சாய்ந்தபடி தண்ணீருக்குள் நின்றது. சிவகடாட்சம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டிருந்தார். பூமணி அளவுகோலைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினாள். அளக்கவேண்டாம் என்று சொல்லுவாள் என்று வதனி பயந்திருந்தாள். நெஞ்சுவரை வருகிற றப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். கரையில் முழங்கால், கொஞ்சம் தள்ளி இடுப்பு, ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிப் போனாள். நடுவுக்குக் கிட்டப் போய்க் கோலை இறக்கினாள். அது சேற்றுக்குள் போனது, போய்க்கொண்டே இருந்தது, அவள் கை தண்ணீரைத் தொட்டபிறகும் அடி தட்டவில்லை.

"எவ்வளவு பிள்ளை?" என்று கரையிலிருந்து கேட்டாள் பூமணி.

"தெரியாது அன்ரி."

பூமணி தலையாட்டினாள். கைப்பையைத் திறந்து நீலத் துவாயை எடுத்து உதறி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிக்கட்டைக்கு நடந்தாள். வருடா வருடம் அவள் அதைத் தன் நெஞ்சுயரத்தில், ஒரு பெடியன் கரையேறியதும் எட்டிப் பிடிக்கிற உயரத்தில், ஆணியில் மாட்டுவது வழக்கம். இந்த முறை ஆணிக்கு முன்னால் நின்று யோசித்தாள். அவன் இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று யாருக்குத் தெரியும்? பிறகு குதிக்காலை உயர்த்தி, கையை எட்டுகிறவரை நீட்டி, துவாயைக் கட்டையின் உச்சியில் கட்டினாள்.